குழந்தையும் பால் புட்டியும்

பால் கூட்டுறவுச் சங்கங்களில் பால் ஊற்றி வரும் அங்கத்தினர்களுக்குப் பாத்திர சுத்தத்தைப் பற்றி விரித்துக் கூற வேண்டுவதில்லை. கறவைப் பாத்திரம் சுடுஜலத்தில் கழுவப்படாவிட்டால் விடியற்காலையில் கறந்த பால் சங்கத்து வாசலை அடைவதற்குள் கெட்டுப்போகும் என்பதும், கொதிக்கவைத்துப் பார்க்கையில் திரிந்த பால் திருப்பப்படும் என்பதும், அன்றைய வரும்படி அதனால் நஷ்டமாகும் என்பதும் அவர்கள் அநுபவத்தில் கண்டவையே. பால் கேன்களுக்கு வாயை அகலமாக அமைத்திருப்பதன் காரணமும் அவர்கள் அறிந்ததே. கை உள்ளே சென்று அடிவரையில் தேய்க்க முடியாத பாத்திரத்தில் பால் நிற்காது. இவ்வளவும் தெரிந்த அதே வீட்டில், தூளியில் கிடக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாத்திரம் மட்டும், ஒரு விரல்கூடத் தாராளமாக நுழையாத கழுத்தும் அதன்மேல் ஒரு ரப்பர் காம்பும் உடையதாக இருப்பதைப் பல கிராமங்களில் காணலாம். சங்கத்துக்குப் போகும் பாலுக்குக் காட்டப்படும் ஜாக்கிரதை வீட்டுக் குழந்தையின் பாலுக்குக் காட்டப்படவில்லை என்றால் அது மிகையாகாது.

புட்டியில் உள்ள அபாயம் கண்ணுக்குத் தெரிவதன்று. கழுவியபின் புட்டி பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் காம்பின் உட்புறத்து மடிப்பிலும், மூடியின் புரிகளிலும் பாலின் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலே கிருமிகள் பெருகும். அவை பெருகும் விதத்தைக் கடன் கணக்கு அறிந்தவர்கள் எளிதில் உணரலாம். அது வட்டிக்கு வட்டி சேர்வதைப் போன்றது. வெதுவெதுப்பான பாலில் ஒரு கிருமி அரைமணிக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரிகிறதென்று வைத்துக்கொண்டால், 6 மணி நேரத்தில் அந்த ஒன்று 4,096 ஆகிவிடும். காலையில் பாதி குடித்து மிச்சம் வைத்த புட்டியைச் சித்திரை மாசத்து வெயிலில், நடுப்பகலில் குழந்தை அழும்போது மறுபடியும் அதன் வாயில் வைப்பதன் பொருள் இதுதான். மறுநாள் பேதி கண்டால் மாந்தமென்றும், தோஷமென்றும், பல் முளைப்பதென்றும் காரணம் சொல்லப்படுகிறது. புட்டியை எவரும் சந்தேகிப்பதில்லை.

புட்டியைக் காய்ச்சிச் சுத்தம் செய்யலாமே என்பார் உண்டு. செய்யலாம். ஒவ்வொரு வேளையும் புட்டியையும் காம்பையும் மூடியையும் தனித்தனியே கழற்றி, பிரஷ் கொண்டு தேய்த்து, முழுகும்படி ஜலம் விட்டுக் கொதிக்கவைத்து, கைபடாமல் எடுத்து மூடிவைக்க வேண்டும். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து தடவை இவ்வாறு செய்ய விறகும் பொழுதும் உள்ள வீடுகள் எத்தனை என்பதை ஊரில் உள்ளவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். நாற்று நடவுக் காலத்தில் ஒரு வீடுகூடத் தேறுமோ என்பது சந்தேகம்.

இந்த அபாயம் மற்ற நாடுகளிலும் உணரப்பட்டதே. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய புட்டிகள் வழங்கிவந்தன. குழந்தை படுத்தபடியே தானாகக் குடித்துக்கொள்ளும் என்பது அவற்றின் சௌகரியம். அக்குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லாமையால் குழந்தைகள் மாண்டன. பிரான்ஸ் தேசத்தில் 1910-ம் வருஷத்தில் சட்டம் செய்து அவற்றைத் தடுத்தார்கள். 1939-ம் வருஷத்தில் சிங்கப்பூரில் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் மாது, தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்த டப்பிப் பாலைக் கொடுக்கும்படி தாய்மார்களைத் தூண்டுவது கொலைக்கு ஒப்பாகும் என்று ஒரு பொதுச் சபையில் துணிந்து பேசினார். 1981-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் பால் மாவு, பால் புட்டி ஆகியவற்றின் விற்பனைப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை ஏற்றது. இந்தியாவிலும் 1992-ம் வருஷத்துச் சட்டப்படி பால் புட்டிக்கு விளம்பரம் செய்வது குற்றமாகும். விளம்பரம் இல்லாமலே புட்டி ஒவ்வொரு கடையிலும் தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

புட்டி ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். தாயின் அசட்டையினால் வந்ததென்று கூறுவது எளிது. அது பெரும்பாலும் உண்மையன்று. களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் போகும் ஸ்திரீ, குழந்தையைப் பாட்டியிடமோ, எட்டு வயதுள்ள மூத்த பெண்ணிடமோ விட்டுச் செல்கிறாள். அச்சிறுமியால் கிண்ணத்தில் பால் புகட்ட இயலாது என்று எண்ணிப் புட்டி வாங்கப்படுகிறது. ஆகவே, புட்டியை விடுக என்று கட்டளையிடுவது போதாது. அதன் இடத்தில் எதை, எப்போது, யார் கையால் கொடுப்பது என்பதைச் சொன்னாலொழியப் பயனில்லை.

முதல் ஆறு மாசம் வரையில் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், ஜலம் உட்பட, தேவையில்லை. வேலைக்குப் போகும் தாய், அகன்ற வாயுள்ள சுத்தமான பாத்திரத்தில் தன் பாலைப் பீய்ச்சி மூடி நிழலில் வைத்துச் சென்றால், நாலு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் அதற்கும் முன்னதாகவே, அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்குப் புட்டி வேண்டாம். நம் வீடுகளில் பாலாடை என்றும் சங்கு என்றும் வழங்கும் மூக்குள்ள சிறு கிண்ணம் இருக்கிறது. குறைமாசத்தில் பிறந்து, சப்பிக் குடிக்கச் சக்தியற்ற குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரிகளில் இப்பாலாடையினாலேயே பால் கொடுத்து வளர்க்கிறார்கள். பரணில் கிடக்கும் பாட்டி காலத்துப் பாலாடையை இறக்கி விளக்கி உபயோகித்தால் போதும். வைத்தியர் யோசனையின்பேரில் வேறு பால் கொடுக்க நேர்ந்தவர்களும் இம்முறையையே கைக்கொள்ளலாம்.

ஆறு மாசமான குழந்தை தம்ளரின் விளிம்பில் உதடு பொருத்தப் பழகத் தக்கது. ஏற்கெனவே புட்டிக்குப் பழகிவிட்ட குழந்தையை அதிலிருந்து மாற்றுவதற்கு ஆறாம் மாசம் முதல் ஒரு வயது வரையில் உள்ள காலமே மிகவும் ஏற்றது. ஒரு வயதுக்குமேல் குழந்தைக்குப் பிடிவாதம் வளர்ந்துவிடும். அப்போதும் ஒன்றரை வயதுக்குள் புட்டியை அறவே நிறுத்திவிடவேண்டும் என்பது வைத்தியர்களின் அபிப்பிராயம். மூன்று வயதுக் குழந்தை புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பதைச் செல்லமென்று கருதுவது தவறு.

பாத்திரத்தைப் பற்றிச் சிறிது விசேஷமாகக் கூறவேண்டியிருக்கிறது. எவர்சில்வர் தம்ளர் அல்லது சிறு கிண்ணம் உத்தமம். வெள்ளிக் கிண்ணம் உள்ளவர்கள் அதை உபயோகிக்கலாம். விளிம்பு கூராக இல்லாமல் சற்று மடிந்திருக்கவேண்டும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் குழந்தைக்கு வேண்டிய பாலைக் காய்ச்சவும் வைக்கவும் கூடாது. முற்காலத்தில் நம் நாட்டில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஈரல் கெட்டியாகி வயிறு பருத்து உயிரைக் கொண்டுபோகும் ஒரு வியாதி இருந்துவந்தது. 1980-ஐ அடுத்த வருஷங்களில் புனாவில் இவ்வியாதி கண்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்ததில், பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலில் செம்பு கலந்து குழந்தையின் ஈரலில் சேர்ந்தது அதற்கு ஒரு முக்கிய காரணமாகத் தெரியவந்தது. பித்தளை சமையலறையைவிட்டு நீங்கவே வியாதியும் அருகிவிட்டது. இப்போது கடைகளில் மூடியும் சப்பும் மூக்கும் வைத்து விற்கப்படும் பிளாஸ்டிக் கோப்பைகள் தம்ளர் என்ற பெயருடைய புட்டிகளே. அவற்றின் மூக்கிலும் அடைப்பானிலும் அழுக்குத் தங்கும். குழந்தையும் குடிக்கக் கற்பதில்லை, சப்பிக்கொண்டேதான் இருக்கும்.

இனிக் குடிக்கவைக்கும் முறை. இதில் நம்மவர்களிடத்தில் இரண்டு பழக்கங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று, குழந்தையை மல்லாக்கக் காலில் கிடத்தி, சில வீடுகளில் மூக்கையும் பிடித்து, சங்கால் தொண்டையில் ஊற்றுவது. இதனால் புரையேறிப் பால் சுவாசப்பையில் புகுந்து கபவாத ஜுரம் உண்டாகலாம். சில சமயம் அந்தக்ஷணமே மூச்சு நின்றுபோதலும் உண்டு. இப்பழக்கத்தைப் புட்டியைவிடக் கொடியதென்றே சொல்லவேண்டும். மற்றொன்று, எச்சில் என்று அஞ்சித் தம்ளரை வாயில் வைக்க விடாமல் தூக்கி ஊற்றுவது. பெரியவர்கள் அண்ணாந்து குடிப்பது பழக்கத்தால் வந்த சாமர்த்தியம். பல் முளைக்காத குழந்தைக்கு அது கைவராது. குழந்தைக்கென்று தம்ளர் ஒன்றைத் தனியே ஒதுக்கிவிட்டால் எச்சில் தோஷம் எவருக்கும் இல்லை. வீட்டுப் பாட்டிமார்கள் இதற்கு எளிதில் சம்மதிப்பார்கள்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகும் தலையும் மார்பில் சாயும்படி பிடித்துக்கொள்ளவேண்டும். கை வீசித் தட்டிவிடுமாயின் ஒரு துணியைத் தளர்த்தியாகச் சுற்றிக்கொள்ளலாம். தம்ளரில் பாதியளவு பால் இருக்கட்டும். விளிம்பு கீழுதட்டின்மேல் இலேசாகப் படும்படி வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்கவேண்டும். வாயில் ஊற்றக் கூடாது. சிறு குழந்தை நாக்கை நீட்டி நக்கும்; சற்றுப் பெரிய குழந்தை உறிஞ்சும். இரண்டு மிடறு குடித்துக் குழந்தை நிறுத்தினால் தம்ளரை எடுத்துவிடாமல் அப்படியே சாய்வில் வைத்துக் காத்திருக்கவேண்டும். தானே மறுபடி குடிக்கும். வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் போதும் என்பது பொருள். முதல் சில நாட்களில் பாதி சட்டைமேல் சிந்தும். இதைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை. ஒரு வேளைக்கு எவ்வளவு குடித்தது என்று பாராமல் ஒரு நாள் முழுவதும் சேர்த்து எவ்வளவு என்று பார்க்கவேண்டும். ஆறு மாசமான குழந்தைக்கு இப்பழக்கத்தைக் காய்ச்சி ஆறிய ஜலத்தில் துவக்குவது சிக்கனம், சிந்தினாலும் நஷ்டமில்லை.

நாளொன்றுக்கு நான்கு வேளை புட்டி குடிக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நான்கையும் ஒரே நாளில் பிடுங்குவதனால் குழந்தையும் வீடும் இரவு முழுவதும் விழித்திருப்பதைத் தவிர வேறு பலனில்லை. முதலில் மத்தியான வேளையை மாற்றவேண்டும். அப்போது குழந்தை விளையாட்டுப் புத்தியுடன் இருக்கும். பசி முற்றி அழத் தொடங்கும் முன்பே தம்ளரைக் காட்டவேண்டும். அழும் குழந்தை புதிதாக ஒன்றும் கற்காது. ஐந்தாறு நாள் கழித்து, அவ்வேளை நிலைத்தபின், மாலை வேளையை மாற்றலாம். அதன்பின் காலை. படுக்கப் போகும்போது கொடுக்கும் புட்டியை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளவேண்டும். இவ்விதம் ஒரு மாசத்தில் காரியம் முடியும். குழந்தை ஒரு வேளை தம்ளரை அடியோடு மறுத்தால் இரக்கப்பட்டுப் புட்டியை நீட்டிவிடக் கூடாது. நீட்டினால், மறுத்தால் புட்டி வரும் என்ற பாடத்தைக் குழந்தை அன்றே கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக மசித்த சோறோ, இட்டிலியோ, பருப்புக் கஞ்சியோ கரண்டியால் ஊட்டிவிட்டு, அடுத்த வேளைக்குத் தம்ளரையே காட்டவேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் அதைத் தடுக்க வேண்டாம். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் அது கொடுக்கத் தக்கதே. குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்குமாயின் போதிய பானம் உள்ளே செல்கிறதென்று தைரியமாயிருக்கலாம்.

தாயின் மடியில் இருக்கும் குழந்தை முலைப்பாலின் வாசனையால் தம்ளரைத் தள்ளிவிடுவதுண்டு. ஆதலால் முதல் வாரத்தில் வேறொருவர் கொடுப்பது மேல். வேறொருவர் என்றவுடன் பாட்டியும் அத்தையுமே நினைவுக்கு வருவது வழக்கம். தகப்பனாரும் கொடுக்கலாம். மாலையில் சங்கத்துக்குப் பால் அளந்து கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காரும் அந்த அரைமணி இதற்குப் போதுமானது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்ணுக்குத் தாய் இரண்டு நாள் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்கவேண்டும். ஊற்றாதே, காத்திரு என்ற இரண்டும் அவள் மனத்தில் பதிந்தால் புட்டி வாங்கியதற்குச் சொல்லப்பட்ட காரணம் நீங்கிவிடும்.

இராத்திரிப் புட்டிதான் கடினமானது. அது பசிக்காக அன்று, தூக்கத்துக்காகக் கேட்கப்படுவது. காம்பை வாயில் வைத்தபடியே குழந்தை உறங்கிவிட்டால் பால் இரவெல்லாம் பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் அது கழுவப்படுவதில்லை. மேல்வரிசை முன்பற்கள் முதலில் வெண்மையாகத் திட்டுப் பிடித்து, பிறகு பழுப்பாகிக் கரைந்துபோகும். கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை தப்பும். மேலே கறுத்த வேர்களும் கீழே நல்ல பற்களும் உள்ள குழந்தையைக் கண்டால், அதன் இரவுப் பழக்கத்தைக் கேட்காமலே சொல்லிவிடலாம். படுத்தபடி குடிப்பதால் காதில் சீழ் பிடிப்பதும் உண்டு. ஆகையால் படுக்குமுன் உட்காரவைத்துத் தம்ளரில் பால் கொடுத்து, ஈரத் துணியால் பல்லைத் துடைத்து, அதன்பின் தூளியில் இட்டுத் தாலாட்டவேண்டும். காம்பு கொடுத்துவந்த ஆறுதலைப் பாட்டும் முதுகில் தட்டிக் கொடுப்பதும் கொடுக்கும். சில குழந்தைகள் இதற்கும் இணங்கா. அவை ஒரு வயது கடந்தவையாக இருந்தால் மட்டும், தம்ளரில் நல்ல பாலும் இராத்திரிப் புட்டியில் நாளுக்கு நாள் சிறிது ஜலம் கலந்த பாலுமாகக் கொடுத்துவந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் புட்டியில் வெறும் ஜலமே இருக்கும்படி செய்யலாம். குழந்தை தானே அதை வெறுத்து எறிந்துவிடும். பாலில் ஜலம் கலப்பது சங்கத்தில் தண்டனைக்குரிய குற்றமாயினும் இந்த ஓரிடத்தில் மட்டும் மன்னிக்கத் தக்கது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதைச் செய்யக் கூடாது. அதற்குப் பாலே பிரதான ஆகாரம்.

ஜலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தபடியால் வேறொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கறந்த பால் முழுவதையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, பாத்திரத்தில் எஞ்சியதில் மும்மடங்கு ஜலமும் சர்க்கரையும் சேர்த்துப் புட்டியில் நிரப்பும் வீடுகள் இருக்கின்றன. சில இடங்களில் பிஸ்கோத்துக் கரைத்த ஜலமும் ஜவ்வரிசிக் கஞ்சியும், காம்பின் துவாரத்தை ஊசியால் பெரிதாக்கிச் செலுத்தப்படுகின்றன. புட்டி நிறைந்திருப்பதால் குழந்தை வயிறாரக் குடித்ததென்று எண்ணுகிறார்கள். தம்ளரில் ஊற்றினால் அதன் நீர்த்த நிலை யாவர் கண்ணுக்கும் படும். சங்கத்துக்கு அளக்குமுன் குழந்தையின் பங்கை எடுத்து வைத்துவிடுவதே முறை. அந்தப் பங்கும் பெரிதல்ல. ஒரு வயதான குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்படாத பால் போதும். அதற்குமேல் கொடுத்தால் சோறும் பருப்பும் கீரையும் உண்ணப் பசி இராது. பாலில் இரும்புச் சத்து மிகவும் சொற்பம். ஆதலால் புட்டி புட்டியாகப் பாலே குடித்து வளர்ந்த குழந்தை கொழுகொழுவென்றிருந்தும் இரத்தம் குறைந்து வெளுத்துப்போகும். தம்ளருக்கு மாறிய குழந்தை முன்போல அவ்வளவு பால் குடிக்கவில்லையே என்று தாய்மார்கள் வருந்துவது சகஜம். சாதம் ஏறுகிறதா என்று பார்த்தால் அவ்வருத்தம் தீரும்.

மாற்றத்தின் நடுவில் குழந்தைக்கு ஜுரமோ பேதியோ கண்டால் புதிதாக வேறு வேளையை மாற்றாமல், மாற்றிய வரையில் நிறுத்திக்கொள்ளலாம். பேதியின்போது பாலையோ ஆகாரத்தையோ நிறுத்தக் கூடாது. சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவுப்படி காய்ச்சி ஆறிய ஜலத்தில் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கரண்டியால் அல்லது தம்ளரால் கொடுக்கவேண்டும். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து குடிக்க மறுக்குமானால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

கடைசிப் புட்டி நின்றபின் அதை அலமாரியில் வைத்திருக்கலாகாது. கண்ணில் பட்டால் குழந்தை மறுபடியும் கேட்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. காலியான புட்டியில் மண்ணெண்ணெயோ, பூச்சி மருந்தோ, தரை கழுவும் திராவகமோ ஊற்றிவைக்கும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு அப்புட்டி தன் பால் புட்டியாகவே தோன்றும். ஆதலால் காம்பை வெட்டியெறிந்து, புட்டியை உடனே வீட்டைவிட்டு அகற்றிவிடவேண்டும்.